வெளியே சாப்பிடும் நாளுக்கு 27 குறிப்புகள்

மாதக் கணக்கு நோட்டில் 'ஹோட்டல்' என்று எழுதும்போது பலருக்கும் கை கொஞ்சம் தயங்கும். தயங்கத் தேவையில்லை. கொடுத்த காசுக்கு ருசி வந்ததா என்று பார்த்தால் போதும். என் கணக்கு எளிது: வீட்டு அடுப்பில் வராத பண்டத்துக்காக வெளியே போனால் பணமும் வீணாகாது, நாக்கும் ஏமாறாது. அந்தக் கணக்கை வைத்துச் சேர்த்த குறிப்புகள் இவை. டிபன், பரோட்டா, பீட்சா, குடும்பத்தோடு போவது, ஒற்றை ஆளாகப் போவது எல்லாம் கலந்தே வரும்.

1. கிளம்பும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இதை நம் வீட்டில் செய்ய முடியுமா? உப்புமா, சப்பாத்தி, தயிர்சாதம் முடியும். இரண்டடி அகலக் கல்லில் போட்ட பரோட்டா, தந்தூர் அடுப்பில் ஒட்டி எடுத்த நான், அண்டாவில் தம் போட்ட பிரியாணி, இரவெல்லாம் கொதித்த ஆட்டுக்கால் பாயா முடியாது. நெருப்பு, அளவு, நேரம் மூன்றில் ஒன்றாவது வீட்டுக்கு மிஞ்சியதாக இருந்தால் அதை ஆர்டர் செய்யுங்கள். வெளியே போய்த் தயிர்சாதம் கேட்பது வயிறு சரியில்லாத நாளுக்கு மட்டும்.

2. ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் உண்டு. இட்லி, பொங்கல் காலை ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள். சாப்பாடு பகல் பன்னிரண்டரைக்கு, முதல் பந்தியில். அப்போதுதான் பொரியலில் தேங்காய் வாசனை இருக்கும், ரசம் தெளிவாக இருக்கும். இரண்டரைக்குப் போனால் கூட்டு அடிப்பிடித்திருக்கும், அப்பளம் மட்டும் தாராளமாக வரும். வடையும் பஜ்ஜியும் சாயங்காலம் நாலு மணிக்கு. பரோட்டா இருட்டிய பிறகு. பிரியாணிக் கடையில் தம் உடைக்கும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பல கடைகளில் அது பகல் பன்னிரண்டை ஒட்டி இருக்கும்.

3. "சூடா என்ன இருக்கு?" என்று கேட்டால் சர்வர் ஒரே மூச்சில் இருபது பெயர் சொல்வார். எல்லாமே சூடாகத்தான் இருப்பதாகவும் சொல்வார். அதற்குப் பதில், "இப்ப கல்லுல என்ன போயிட்டிருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். "ஆனியன் ஊத்தப்பம் போயிட்டிருக்குங்க" என்று பதில் வந்தால் அதுதான் உங்கள் ஆர்டர்.

4. பத்துப் பக்க மெனு கார்டைக் கண்டு அசந்துவிட வேண்டாம். தென்னிந்திய, வட இந்திய, சைனீஸ், பாஸ்தா என்று எல்லாவற்றையும் அன்றன்றைக்கு நறுக்கி அரைத்து வைக்க ஒரு சமையலறையால் முடியாது. பாதிக்கு மேல் ஃப்ரீசரிலிருந்து வரும், மீதி ஒரே கிரேவியில் பெயர் மாறி வரும். கரும்பலகையில் சாக்பீஸால் ஏழெட்டு ஐட்டம் எழுதி, தீர்ந்ததும் அழிக்கும் கடையை நம்பலாம்.

5. நெய் ரோஸ்டின் முறுகல் ஐந்து நிமிடம்கூடத் தாங்காது. மேஜைக்கு வந்ததும் ஓரத்திலிருந்து தொடங்குங்கள். நடுப்பகுதி தானாகவே மெத்தென்றாகிவிடும். நாலு பேர் போனால் நாலு தோசையும் சேர்ந்து வரும்வரை மரியாதைக்காகக் காத்திருக்க வேண்டாம். முதலில் வந்தவர் முதலில் சாப்பிடட்டும். இன்னொரு தோசை வேண்டுமென்றால் முதல் தோசை பாதி ஆன பிறகு சொல்லுங்கள்.

6. சாம்பார் இட்லியில் கஞ்சத்தனம் கூடாது. சென்னை திருவல்லிக்கேணியில் 1948-ல் தொடங்கிய ரத்னா கஃபேயில் இட்லி முழுகும்படி சாம்பார் ஊற்றுவார்கள். அந்த ஊர்க்காரர்கள் இட்லியைவிடச் சாம்பாரைச் சாப்பிடத்தான் போகிறார்கள் என்று தோன்றும். இட்லியை ஸ்பூனால் நாலாகக் கீறிவிட்டு இரண்டு நிமிடம் ஊறவிடுங்கள். வடைக்கும் இதே முறைதான். பொடி இட்லி கேட்டவர்கள் மட்டும் சாம்பாரைத் தள்ளி வைக்கலாம்.

7. காபியை டிபனோடு சேர்த்துச் சொல்லாதீர்கள். சொன்னால் தோசைக்கு முன்பே வந்து ஆடை கட்டி உட்கார்ந்திருக்கும். கை கழுவப் போகும்போது சொல்லுங்கள். "டிகாக்‌ஷன் தூக்கலா, சர்க்கரை தனியா" என்று சொன்னால் மாஸ்டர் கொஞ்சம் கவனித்துப் போடுவார். நெடுஞ்சாலை முழுக்க 'கும்பகோணம் டிகிரி காபி' போர்டும் பித்தளை டபராவும் வந்துவிட்டன. போர்டும் டபராவும் காபிக்குப் பொறுப்பல்ல. அன்றைக்கு இறங்கிய முதல் டிகாக்‌ஷனும் தண்ணீர் கலக்காத பாலும்தான் பொறுப்பு. அதனால் காலையில் குடித்த காபி பிடித்துப்போய் மதியம் மூன்று மணிக்கும் அதே கடைக்குப் போனால் வேறு காபி கிடைக்கக்கூடும்.

8. வாழை இலைச் சாப்பாட்டில் தோற்பவர்கள் எல்லோரும் முதல் சுற்றிலேயே தோற்கிறார்கள். சாம்பாருக்கென்று சாதத்தைக் குவித்து வாங்கிவிட்டு ரசம் வரும்போது வயிற்றில் இடம் இல்லாமல் முழிப்பார்கள். ஒரு கரண்டி சாதம் பருப்பு நெய்க்கு, ஒன்று சாம்பாருக்கு, ஒன்று வத்தக்குழம்புக்கு, ஒன்று ரசத்துக்கு, ஒன்று மோருக்கு. சர்வர் அடுத்த கரண்டியைக் கவிழ்க்கும் முன் இலைக்கு மேலே கையை நீட்டிவிடுங்கள். "போதும்" என்று வாயால் சொன்னால் அவர் காதில் விழாது. பாயசத்தைக் கடைசிவரை வைத்திருக்காமல் ரசத்துக்கு முன்பே முடித்துவிடுவது என் பழக்கம். புளிப்புக்குப் பிறகு இனிப்பு எனக்கு எடுபடுவதில்லை.

9. 'அளவு சாப்பாடு', 'முழுச் சாப்பாடு' இரண்டும் இருந்தால் விலையை மட்டும் பார்க்காதீர்கள், எவ்வளவு வரும் என்றும் கேளுங்கள். பார்சல் சாப்பாடு பல கடைகளில் ஒருவருக்கு என்று சொன்னாலும் சின்னக் குழந்தையோடு இருவர் சாப்பிடும் அளவில் வரும். இரண்டு பார்சல் வாங்குவதற்கு முன் ஒன்றைப் பிரித்துப் பார்த்தவர்களிடம் கேளுங்கள்.

10. பிரியாணியை ஒரு கடையில் முதல்முறை சாப்பிடும்போது, தாளிச்சா, வெங்காயப் பச்சடி எதுவும் தொடாமல் முதல் இரண்டு கவளம் வெறும் சோறாகச் சாப்பிடுங்கள். சோற்றில் கறியின் சாறு ஏறியிருக்கிறதா, மசாலாத் தூள் மட்டும் பூசியிருக்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். ஆம்பூரிலும் திண்டுக்கல்லிலும் சீரகசம்பா அரிசி. சாறு குடித்துப் பொடிப்பொடியாக உதிரும். ஆம்பூரில் கூடவே கத்திரிக்காய் வரும், அதை ஒதுக்காதீர்கள். கொழுப்புக்கு அந்தப் புளிப்பு வேண்டும். பாஸ்மதி நீளமாக அழகாக இருக்கும், வாசனை அரிசியினுடையதாக இருக்கும். எனக்குச் சீரகசம்பாதான். பரிமாறுபவரிடம் "அடியில இருந்து போடுங்க" என்று சொல்லிப் பாருங்கள். மசாலாவும் கொழுப்பும் அங்கேதான் இறங்கியிருக்கும். வெறும் குஸ்காவையே இப்படிக் கேட்டு வாங்கினால் பீஸ் இல்லாத குறை தெரியாது.

11. பரோட்டாக் கடையில் கல் தெரியும்படி உட்காருங்கள். மாஸ்டர் எண்ணெயில் ஊறிய உருண்டையை எடுத்து மேஜையில் தட்டி, விசிறி விசிறி மறுபக்கம் தெரியும் அளவுக்கு மெல்லியதாக்கி, மடித்துச் சுருட்டி வைப்பதைப் பார்ப்பதற்கே பாதிக் காசு கொடுக்கலாம். கல்லில் இருந்து எடுத்ததும் நாலைந்தை அடுக்கி இரு கையாலும் பக்கவாட்டில் அடிப்பார். அந்த அடியில்தான் அடுக்கு பிரிகிறது. அடிக்காமல் அப்படியே தட்டில் போட்டால், "கொஞ்சம் அடிச்சுக் குடுங்கண்ணே" என்று கேளுங்கள். விருதுநகரில் எண்ணெயில் பொரித்த பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னாவில் ஊறவைக்க வேண்டும். மதுரையில் கறி தோசையும் கேட்டுப் பாருங்கள்; கீழே தடித்த தோசை, நடுவில் முட்டை, மேலே கொத்துக்கறி. செங்கோட்டை எல்லைப் பக்கம் போனால் பரோட்டாவோடு வறுத்த நாட்டுக்கோழி. எந்த ஊர்ப் பரோட்டாவுக்கும் ஒரே விதி: மைதா கனமானது, இரண்டோடு நிறுத்தினால் தூக்கம் வரும், நாலு என்றால் வராது.

12. மீன் ஆர்டர் செய்யும் முன் காலண்டரைப் பாருங்கள். தமிழ்நாட்டுக் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த நாள்களில் தட்டில் வரும் பெரிய வஞ்சிரத் துண்டு தூரத்திலிருந்தோ ஐஸ் பெட்டியிலிருந்தோ வந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். நாட்டுப்படகுகள் தடைக் காலத்திலும் போகும் என்பதால் நெத்திலி, சங்கரா, நண்டு என்று என்ன வந்தது என்று கேட்டு வாங்குங்கள். புரட்டாசியில் இன்னொரு கவனம். அசைவ வியாபாரம் குறையும் மாதம் அது. அப்போதும் கூட்டம் குறையாத கடைக்கு மட்டும் போங்கள்.

13. சிக்கன் 65 என்ற பெயருக்கு ஊரில் ஆயிரம் கதை உண்டு. சென்னை புகாரி ஹோட்டல், 1965-ல் தங்கள் மெனுவில் வந்ததால் அந்தப் பெயர் என்கிறது. பெயர் எப்படி வந்தாலும் நிறம் காஷ்மீர் மிளகாயிலிருந்து வர வேண்டும். கறியைப் பிட்டால் உள்ளேவரை ரத்தச் சிவப்பாக இருந்தாலும், விரலில் ஒட்டிய சிவப்பு சோப்பு போட்டும் போகாவிட்டாலும் அது சாயம். கர்நாடக அரசு 2024-ல் கோபி மஞ்சூரியனிலும் கபாப்பிலும் செயற்கை நிறம் சேர்க்கத் தடை போட்டது இதற்காகத்தான். பழுப்பாக இருக்கும் 65-ஐக் கண்டால் சந்தோஷப்படுங்கள்.

14. ஷவர்மா, பர்கர் கடைகளில் மயோனைஸ் எதில் செய்தது என்று கேளுங்கள். பச்சை முட்டையில் அடித்த மயோனைஸில் சால்மோனெல்லா கிருமி வளரும் என்பதால் தமிழக அரசு 2025 ஏப்ரலில் அதற்கு ஓராண்டுத் தடை விதித்தது. முட்டையில்லா மயோனைஸ் என்றாலும் வெயிலில் திறந்து வைத்த டப்பாவிலிருந்து வந்தால் வேண்டாம்.

15. இனி பீட்சா. முதல் குறிப்பின் கணக்குப்படி, வீட்டில் ஒருபோதும் செய்ய முடியாதவற்றில் நேப்பிள்ஸ் பீட்சா முன்வரிசையில் நிற்கும். நம் ஓடிஜி அடுப்பு 250 டிகிரியோடு நின்றுவிடும். நேப்பிள்ஸில் விறகு அடுப்பின் சூடு 480 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். பீட்சா 60 முதல் 90 நொடிக்குள் வெந்துவிடும். மாவில் கோதுமை மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் தவிர வேறெதுவும் கிடையாது. இந்த முறையைக் காப்பதற்கென்றே 1984-ல் அங்கே ஒரு சங்கம் தொடங்கினார்கள். பீட்சா போடுபவரின் கைத்தொழிலை 2017-ல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. நம்மூரிலும் விறகடுப்பு வைத்த பீட்சாக் கடைகள் வந்துவிட்டன. ஆரோவில் பக்கம் போகிறவர்கள் தேடிப் பார்க்கலாம். ஓரத்தில் அங்கங்கே கருப்புப் புள்ளி இருந்தால் தீய்ந்துவிட்டது என்று திருப்பி அனுப்பாதீர்கள், அந்தச் சூட்டின் அடையாளம் அது. நடுப்பகுதி கொஞ்சம் ஈரமாகத் தொய்வதும் இயல்புதான். நேப்பிள்ஸ்காரர்களே கத்தி, முள்கரண்டி வைத்துத்தான் தொடங்குவார்கள், அல்லது நாலாக மடித்துக் கையில் பிடிப்பார்கள்.

16. புது பீட்சாக் கடையைச் சோதிக்க மார்கெரீட்டாவையே ஆர்டர் செய்யுங்கள். தக்காளி, சீஸ், துளசிக் குடும்பத்து இலை, ஆலிவ் எண்ணெய், அவ்வளவுதான்; எந்தக் குறையையும் மறைக்க அதில் இடமில்லை. 1889-ல் இத்தாலிய அரசி ஒருத்தியின் பெயரை வைத்ததாகச் சொல்லும் கதையை வரலாற்றாசிரியர்கள் பலர் ஏற்பதில்லை. பன்னீர் டிக்கா போட்டால் அது பீட்சாவா என்று வீட்டில் சண்டை வந்தால், அன்னாசிப்பழம் போட்ட 'ஹவாயன்' பீட்சா 1962-ல் கனடாவில் பிறந்தது என்று சொல்லிச் சமாதானம் செய்யுங்கள். ஆனால் நல்ல அடிமாவு கிடைக்கும் கடையில் அதன் மேல் எட்டு வகைக் காய்கறியைக் கொட்டச் சொல்வது காசைக் கொடுத்து ருசியை மூடுவதுதான்.

17. பீட்சா அளவில் பலரும் ஏமாறுவது கணக்கில். 7 அங்குல பீட்சா இரண்டு வாங்கினால் 10 அங்குல பீட்சா ஒன்றுக்கும் கொஞ்சம் குறைவாகவே கிடைக்கும். 8 அங்குலத்தோடு ஒப்பிட்டால் 12 அங்குலம் பரப்பில் இரண்டேகால் மடங்கு. குழந்தைக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று சின்னதாக இரண்டு வாங்கும் முன் விலையைப் பாருங்கள்; பெரும்பாலும் பெரியதை வாங்கிப் பங்கிடுவதுதான் லாபம். ஆஃபர் கொடுப்பவர்களுக்கும் இந்தக் கணக்கு தெரியும்.

18. மீந்த பீட்சாவை மைக்ரோவேவில் வைத்தால் ரப்பராகிவிடும். தோசைக்கல்லைச் சிறு தீயில் வைத்து, எண்ணெய் விடாமல் துண்டுகளை அடுக்குங்கள். அடி மொறுமொறுப்பானதும் கல்லின் ஓரத்தில் நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்து ஒரு நிமிடம் மூடி வையுங்கள். அந்த ஆவியில் சீஸ் உருகும். கூட வந்த ஓரிகனோ, மிளகாய்த் துகள் பாக்கெட்டுகளை எறியாமல் ஒரு பாட்டிலில் சேர்த்து வையுங்கள். முட்டை ஆம்லெட்டுக்கும் உருளைக்கிழங்கு வறுவலுக்கும் நன்றாகச் சேரும்.

19. தனியாகச் சாப்பிடப் போவதைப் பாவம் பார்க்கும் வழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. நுழைந்ததும் சூப்பர்வைசர் "எத்தனை பேர்?" என்பார். "ஒருத்தர்" என்றால் அவர் பார்வை வாஷ்பேசின் பக்கத்து மேஜைக்குப் போகும். போக வேண்டியதில்லை. "அந்த ஜன்னல் பக்கம் உக்காந்துக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே நடந்துவிடுங்கள். அனுமதி கேட்கும் தொனி வேண்டாம். இது கூட்டமில்லாத நேரத்துக்கு. ஒரு மணிக் கூட்டத்தில் நாலு பேர் மேஜையை ஒருவர் பிடித்துக்கொள்வது நியாயமில்லை. பதினொன்றே முக்காலுக்கோ சாயங்காலம் ஐந்துக்கோ போங்கள், ராஜமரியாதை கிடைக்கும்.

20. தனி ஆளுக்கு நம் டிபன் கடைகளைவிடத் தோதான இடம் உலகத்தில் குறைவு. ஒரு இட்லி, ஒரு வடை, அரை காபி என்று ஒற்றையாக ஆர்டர் செய்யலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஜப்பானில் இச்சிரன் ராமென் கடைகளில் தனி ஆளுக்கென்றே பலகைத் தடுப்பு வைத்து இருக்கை போட்டிருக்கிறார்கள். நமக்குத் தடுப்பு தேவைப்படவில்லை. திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் அறை எடுத்துத் தங்கியவர்களுக்குச் சோறு போட்டே வளர்ந்த மெஸ்கள் எத்தனையோ. அங்கே எல்லோரும் தனி ஆள்தான். எதிரே முன்பின் தெரியாதவர் உட்கார்ந்தால் "ஆள் வர்றாங்களா?" என்ற ஒரு கேள்வியும் தண்ணீர் ஜக்கை நகர்த்திக் கொடுப்பதும் போதும். அதற்கு மேல் பேச வேண்டிய கடமை இல்லை. அவர் தட்டையும் பார்க்கக் கூடாது, அது எவ்வளவு முறுகலாக இருந்தாலும்.

21. தனியாகப் போகும் பெண்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். பழைய ஹோட்டல்களில் 'பேமிலி ரூம்' என்று ஒரு அறை இருக்கும். அங்கே போகச் சொல்வார்கள். விருப்பமிருந்தால் போங்கள், மின்விசிறிக் காற்றும் தெரு வேடிக்கையும் வேண்டுமென்றால் ஹாலிலேயே உட்காருங்கள், அதற்கு யாரிடமும் காரணம் சொல்ல வேண்டாம். சுவரை ஒட்டிய நாற்காலி நல்லது, முதுகுக்குப் பின்னால் நடமாட்டம் இருக்காது. கைப்பையைப் பக்கத்து நாற்காலியில் வைக்காமல் மடியிலோ சுவர்ப் பக்கமோ வையுங்கள். கை கழுவப் போகும்போது பர்ஸும் போனும் கூடவே வரட்டும். உட்கார்ந்ததும் தயங்காமல் முதல் ஆர்டரைச் சொல்லிவிட்டால் சர்வரின் கவனம் உங்கள் மேஜையில் நிற்கும். "மெதுவா ஒண்ணொண்ணா கொண்டு வாங்கண்ணா" என்றும் சொல்லி வையுங்கள். யாருக்கும் பரிமாறாமல், யார் தட்டில் என்ன குறைகிறது என்று பார்க்காமல் சூடாக ஒரு வேளை சாப்பிடுவது வீட்டில் பல பெண்களுக்குக் கிடைக்காத ஒன்று. முதல் குறிப்பின் கணக்கில் இதையும் சேர்க்கலாம்.

22. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தனியாகச் சாப்பிட்டுப் பாருங்கள். சட்னியில் தேங்காயோடு பொட்டுக்கடலை எவ்வளவு கலந்திருக்கிறது என்பதுவரை தெரியும். போர் அடித்தால் பேப்பர் படிக்கலாம்.

23. வயதானவர்களை அழைத்துப் போகும் முன் மூன்று விஷயம் விசாரியுங்கள்: படிக்கட்டு எத்தனை, லிப்ட் ஓடுகிறதா, வெஸ்டர்ன் டாய்லெட் உண்டா. ருசி அப்புறம். குழந்தைகளுக்கு முதலில் ஆர்டர் கொடுங்கள். வேர்க்கடலை, முந்திரி ஒத்துக்கொள்ளாதவர்கள் உட்கார்ந்ததுமே சொல்லிவிட வேண்டும். குருமாவில் முந்திரி அரைத்திருப்பதும் சட்னியில் கடலை இருப்பதும் பார்த்தால் தெரியாது. ஞாயிறு இரவு எட்டு மணிக்கு எந்தப் பெயர் பெற்ற ஹோட்டலுக்கும் குடும்பத்தோடு போகாதீர்கள். ஆறரைக்குப் போங்கள், அல்லது செவ்வாய்க்கிழமை போங்கள்.

24. பில்லை வாங்கியதும் ஒருமுறை படியுங்கள். சாதாரண ஹோட்டல்களில் ஜிஎஸ்டி 5 சதவீதம், ஏசி ஹாலோ வெறும் ஹாலோ ஒரே வரிதான். ஏசி ஹாலில் தோசை விலை கூடுதலாக இருந்தால் அது ஹோட்டல் வைத்த விலை, அரசாங்கத்தின் மேல் பழி போட வேண்டாம். ஒரு நாள் அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேலுள்ள பெரிய ஹோட்டல்களின் உணவகத்தில் 18 சதவீதம் வரும். 'சர்வீஸ் சார்ஜ்' என்று தனியாக ஒரு தொகை இருந்தால் நீக்கச் சொல்லலாம். வாடிக்கையாளரைக் கேட்காமல் அதைச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நீக்க மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். டிப்ஸை கல்லாவில் கொடுக்காமல் பரிமாறியவர் கையில் கொடுங்கள். அது சட்டமல்ல, முறை.

25. பார்சலுக்குத் தூக்குவாளியோ எவர்சில்வர் டப்பாவோ எடுத்துப் போங்கள். மெல்லிய பிளாஸ்டிக் பைகள் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டவை. கொதிக்கும் சாம்பாரை அதில் கட்டித் தருவதை வாங்காதீர்கள். பார்சலுக்கு ஏற்றது இட்லி, இடியாப்பம், பிரியாணி. ஏற்காதது ரோஸ்ட், பூரி, ஊறாத வடை. தேங்காய்ச் சட்னிதான் முதலில் கெடும். சமைத்த உணவை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. மீந்த ஃப்ரைடு ரைஸை மறுநாள் காலைவரை மேஜையிலேயே விட்டால் சூடு செய்தாலும் ஆபத்து நீங்காது. சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமியின் நஞ்சு சூட்டில் அழிவதில்லை. ஆறியதும் ஃப்ரிட்ஜில் வையுங்கள், மறுநாள் ஒரே முறை நன்றாகச் சூடு செய்து முடித்துவிடுங்கள். ஆறிய பரோட்டாவுக்குத் தண்ணீர் தெளித்துக் கல்லில் இரு பக்கமும் காட்டி, துணியில் சுற்றி அடியுங்கள்.

26. காரம் தலைக்கு ஏறினால் தண்ணீர் குடித்துப் பயனில்லை. மிளகாயின் காரச்சத்து தண்ணீரில் கரையாது. பாலிலும் தயிரிலும் உள்ள புரதம் அதைப் பிடித்து இழுத்துவிடும். ஆந்திரா மெஸ்ஸுக்குப் போனால் கோங்கூரா ஊறுகாய்க்கு முன்பே ஒரு கப் தயிரை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கெட்டியான மோரும் சரி.

27. சாம்பார் சட்டையில் சிந்திவிட்டால் ஈரத் துணியால் தேய்க்காதீர்கள், கறை அகலமாகும். காகிதத்தால் ஒற்றி எடுத்து, பச்சைத் தண்ணீர் தொட்டு வையுங்கள். வீட்டில் சோப்பு போட்டதும் மஞ்சள் கறை திடீரென்று சிவப்பாக மாறும். பயப்பட வேண்டாம், காரத்தன்மை பட்டால் மஞ்சள் அப்படித்தான் சிவக்கும். நன்றாக அலசி, ஈரத்தோடு நல்ல வெயிலில் போடுங்கள். மஞ்சளின் நிறத்துக்கு வெயில் ஆகாது. ஓரிரண்டு நாளில் வெளுத்துவிடும். சால்னாக் கறையில் எண்ணெயும் சேர்ந்திருக்கும் என்பதால் முதலில் பாத்திரம் தேய்க்கும் திரவம் இரண்டு சொட்டு விட்டுப் பத்து நிமிடம் ஊறவைத்து, பிறகு துவையுங்கள். பட்டுப் புடவைக்கு இந்த வைத்தியம் எதுவும் வேண்டாம், நேராக டிரை கிளீனிங்குக்குக் கொடுத்துவிடுங்கள்.